ஒன்றரைக் கிலோக் கோப்பு

சுவிஸ் நாட்டின் வின்டர்தூர் நகரில் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை செய்யும் குலேந்திரன், ஒவ்வொரு மே மாதமும் மகள் சிவானுஜாவோடு ஸ்பெயினின் மலைக் கிராமங்களில் சைக்கிள் ஓடப் போவார். ஏற்றத்தில் ஒவ்வொரு கிராமும் காலைப் பிடித்து இழுக்கும் என்பது அவருடைய கட்சி. பல் தூரிகையின் பிடியைக்கூடப் பாதியாக அறுத்துவிட்டார். மகளின் இரண்டாவது காற்சட்டையையும் வீட்டிலேயே வைக்கச் சொன்னார்.

ஆனால் அவர் பையின் அடியில் ஒன்றரைக் கிலோக் கோப்பு ஒன்று இருக்கும். அகதி விண்ணப்பம், நிராகரிப்புக் கடிதம், வதிவிட அட்டைகளின் பிரதிகள், கடைசியாகக் குடியுரிமைக் கடிதம். எல்லாம் முப்பது வருடக் கடதாசி.

"அப்பா, பாஸ்போர்ட் மட்டும் போதுந்தானே?"

"உனக்குப் போதும். நீ சுவிஸிலை பிறந்தனி."

இந்த வருடம் அரகோன் பக்கத்து மலை வளைவொன்றில் பொலிஸ் வண்டி அவர்களை மறித்தது. குலேந்திரன் இறங்கி, ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு, கோப்பைத் திறந்து முதல் தாளிலிருந்து நீட்டத் தொடங்கினார். பொலிஸ்காரர் அதைப் பார்க்கவேயில்லை. வண்டியிலிருந்து இரண்டு பெரிய தண்ணீர்ப் போத்தல்களை எடுத்துவந்தார்.

பள்ளியில் ஸ்பானிஷ் படித்த சிவானுஜா மொழிபெயர்த்தாள். "அடுத்த ரெண்டு ஊரிலையும் தண்ணி இல்லையாம். கொண்டு போகட்டாம்."

பையில் இடம் இல்லை. மகள் கோப்பைப் பார்த்தாள். குலேந்திரன் தடித்த மழைச்சட்டையை வெளியே எடுத்து, அந்த இடத்தில் போத்தல்களை வைத்தார். பிறகு கொளுத்தும் வெயிலில் மழைச்சட்டையைப் போட்டுக்கொண்டு ஏற்றத்தை மிதிக்கத் தொடங்கினார்.