வாய் நிறையக் குச்சிகள்

காலையில் பல் துலக்கியதும் நான் செய்கிற முதல் வேலை, வாய்க்குள் ஐஸ் குச்சிகளை அடுக்குவது. ஐஸைத் தின்றுவிட்டு வீசுவோமே, அதே தட்டையான மரக்குச்சிதான். ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ரப்பர் பேண்டு போட்டு, மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் நடுவே செருகிக்கொண்டு கண்ணாடி முன்னால் நிற்க வேண்டும். தாடை இழுக்கும். வலி காது வரைக்கும் ஏறும். எச்சில் முகவாயில் வழிந்து பனியனில் சொட்டும். கல்யாணப் பட்டு எடுக்க வருகிறவர்களிடம் நாளெல்லாம் சிரித்துச் சிரித்துப் பேசுகிறவன், காலங்கார்த்தாலே இந்தக் கோலத்தில் நிற்கிறேன். பார்க்க எனக்கே அருவருப்பாக இருக்கும்.

காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுச்சேலைக் கடையில் சேல்ஸ்மேன் நான். சேலையைப் பிரித்துப் போட்டு, என் தோள்மேலேயே போட்டுக் காட்டி, மடித்து, மறுபடியும் பிரிக்கிற வேலை. கால் கடுப்பது தெரியாமல் இருக்கப் புகையிலையைக் கன்னத்தில் அடக்கிக்கொள்வேன். கடையில் பாதிப் பேர் அப்படித்தான். முதலில் காரம் பட்டால் வாய் எரிந்தது. அப்புறம் வெறும் ரசமே எரிந்தது. ஒருநாள் கோயில் இட்லித் துண்டைக் கடிக்கப் போனேன். அதன் பருமனுக்கு வாய் திறக்கவில்லை. கொட்டாவி கூடப் பாதியில் நின்றுவிட்டது.

பல் ஆஸ்பத்திரியில் சின்ன வயது டாக்டரம்மா ஒருவர், என் மூன்று விரல்களைச் சேர்த்து நிமிர்த்தி வாய்க்குள் விடச் சொன்னார். நல்ல வாய்க்குள் மூன்றும் போகுமாம். எனக்கு ஒன்று போனது. இரண்டாவது பல்லில் இடித்தது. கன்னத்தின் உட்சதை நாராக இறுகிவிட்டது என்றார். புகையிலையை விடாவிட்டால் புற்றுநோயில் கொண்டுபோய் நிறுத்தும். விட்டாலும், தினமும் குச்சி வைத்துப் பழகாவிட்டால் வாய் இன்னும் இறுகிக்கொண்டே போகும், அப்புறம் கஞ்சியைக் குழாய் வைத்துத்தான் உறிஞ்ச வேண்டியிருக்கும் என்று சொன்னார்.

புகையிலையை அன்றைக்கே விட்டேன். கடையில் எல்லோர் மேலும் எரிந்து விழுந்தேன், ஆனாலும் தொடவில்லை. பயம் கழுத்தைப் பிடித்தால் எந்தக் கொம்பனும் விடுவான். அதற்கு எல்லோரும் என்னைப் பாராட்டவும் செய்தார்கள்.

இந்தக் குச்சிதான் என் உயிரை வாங்கியது. காலை, மதியம், சாயங்காலம், படுக்கப் போகும் முன் என்று கொஞ்ச நேரம் வாயில் வைத்து எடுக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. குழந்தை கூடச் செய்யும். எனக்கு முடியவில்லை. காலையில் நேரமாகிவிடும். மதியம் முகூர்த்தக் கூட்டம். சாயங்காலம் களைப்பு. சரி, நாளைக்குச் சேர்த்துச் செய்துகொள்ளலாம் என்று தோன்றும். இதையெல்லாம் சேர்த்துச் செய்ய முடியாது என்பது தெரிந்தே அப்படி நினைப்பேன். இவ்வளவு சின்ன வேலைக்கு வீம்பு பிடிக்கிற மனசை என்ன செய்வது, செருப்பால் அடிக்கவா முடியும்?

பிறகு எப்படியோ பிடித்துக்கொண்டேன். பல் துலக்கும் பிரஷ் இருக்கிற டம்ளரிலேயே குச்சியையும் போட்டு வைத்தேன். ஒன்றை எடுத்தால் மற்றது கையில் தட்டுப்படும். கடையில் சாப்பிட்டுக் கை கழுவியதும், சேலை அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருக்கிற மாடி அறைக்குப் போய் நின்றுகொள்வேன். கூட வேலை செய்கிறவன் பார்த்துவிட்டான். ஐஸ் தீர்ந்தாலும் குச்சியை விட மனசு வரவில்லையா என்று கேட்டான். அன்று முழுக்கக் கடையே சிரித்தது. சிரித்துத் தொலையட்டும் என்று இருந்தேன். மழைக்காலம் முழுக்க ஒருவேளை கூடத் தப்பவில்லை.

அந்தத் தெம்போடுதான் டாக்டரம்மாவிடம் போனேன். பரீட்சை முடிவு பார்க்கப் போகிற பிள்ளை மாதிரி இருந்தது. அவர் ஸ்கேலை வைத்து அளந்தார். இன்னொரு தடவை அளந்தார்.

"அப்படியேதாங்க இருக்குது. இறுகல இல்ல, அதுவே நல்லதுதான்" என்றார்.

இனிமேல் திறக்குமா என்று கேட்டேன். அதிகம் எதிர்பார்க்க வேண்டாம், விடாமல் செய்யுங்கள் என்றார். எத்தனை நாளைக்கு என்று கேட்டேன். அவர் என் சீட்டில் எதையோ எழுதினார்.

வீட்டுக்கு வந்து குச்சிகளை உடைத்து அடுப்படிக் குப்பையில் போட்டேன். என் மனைவி வீட்டிலேயே தறி போட்டு நெய்கிறவள். தறியில் உட்கார்ந்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். இனி வாய் மூடினால் மூடட்டும், நான் செத்தாலும் சரி, இந்தக் கருமத்தை வாயில் வைக்க மாட்டேன் என்று கத்தினேன். கத்துவதற்குக் கூட வாய் திறக்கவில்லை. அதில்தான் அழுகை வந்துவிட்டது.

நெய்த துணி ஓரம் சுருங்காமல் இருக்க, குறுக்கே ஒரு குச்சியை வைத்து இரண்டு கரையிலும் ஊசி குத்தி இழுத்துப் பிடித்திருப்பார்கள். கொஞ்சம் நெய்ததும் அதைக் கழற்றி முன்னால் தள்ளிக் குத்த வேண்டும். அவள் அப்போது அதைத்தான் செய்துகொண்டிருந்தாள்.

"இத வெச்சா துணி அகலமாவா ஆவுது? சுருங்கக் கூடாதுன்னுதான் மாத்தி மாத்திக் குத்திக்கினு இருக்கேன்" என்றாள்.

எனக்கு ஆத்திரம்தான் வந்தது. "சேல முடிஞ்சா நீ அறுத்து எடுத்துடுவ. எனுக்கு எப்போ முடியும்?"

அவள் குனிந்து ஊசியைக் குத்தினாள்.

நான் விட்டுவிட்டேன். பொங்கல் கூட்டம் வந்தது, போனது. ஆறுதலாகக் கூட இருந்தது, பொய் சொல்வானேன். ஒருநாள் டம்ளரில் புதுக் குச்சிகள் கிடந்தன. மனைவி வாங்கிப் போட்டிருக்கிறாள். சும்மா வைத்துப் பார்த்தேன். பழைய கணக்குக்கு அடுக்கியது உள்ளே போகவில்லை. முட்டிப் பார்த்தேன். ஈறில் ரத்தம் வந்தது. ஒரு குச்சியை உருவிவிட்டுத்தான் நுழைக்க முடிந்தது. மூடினால் மூடட்டும் என்று நான் சொன்னதை வாய் கேட்டுக்கொண்டுவிட்டது.

அன்றிலிருந்து மறுபடியும் செய்கிறேன். உருவிய குச்சி இன்னும் உள்ளே போகவில்லை. நம்பிக்கை கிம்பிக்கை எதுவும் கிடையாது. செய்யாவிட்டால் என்ன ஆகும் என்று தெரியும், அவ்வளவுதான்.

எங்களுக்கு ஒரே பெண், ஒன்றாம் வகுப்புப் படிக்கிறாள். சாப்பிடும்போது தன் தட்டிலிருந்து ஒரு வாய் எனக்கு ஊட்டாமல் அவளுக்கு இறங்காது. குட்டிக் கையாக இருந்தபோது சோற்றோடு விரலையும் வாய்க்குள் விட்டுவிடுவாள். நான் கடிப்பது போலப் பாவனை செய்வேன். அவள் கை வளர்கிறது. நான் மாடாக உழைத்தாலும் என் வாய் இதே அளவில்தான் நிற்கும்.

நேற்று ராத்திரி சாப்பாட்டில், "நைனா, ஆ காட்டு" என்றாள்.

காட்டினேன். உருண்டை பல்லில் முட்டிச் சோறு என் மடியில் உதிர்ந்தது. அவள் மீதிச் சோற்றைத் தட்டில் பரப்பி, கொஞ்சமாக எடுத்து, கோலிக்குண்டைவிடச் சின்னதாக உருட்டினாள். உருட்டியதை என் வாய்க்கு நேராகப் பிடித்து ஒரு கண்ணை மூடி அளவு பார்த்தாள். பெரிதாகப் பட்டதோ என்னவோ, அதிலும் பாதியைக் கிள்ளித் தட்டில் போட்டுவிட்டு ஊட்டினாள்.

விழுங்கிவிட்டுக் கை கழுவ எழுந்துபோனேன். டம்ளரில் குச்சிகள் இருந்தன. எடுத்து வாயில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றேன்.