கரெக்‌ஷன் வேண்டாம்

டிசைனர் என்றுதான் தெருவில் எல்லாரும் அவரைக் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் மின்சார ரசீதில் மட்டும் இருக்கிறது. கல்யாணத்தில் போட்டோகிராபர்கள் எடுத்துத் தள்ளும் இரண்டாயிரம் படங்களில் இருநூறைப் பொறுக்கி, மாப்பிள்ளையின் பருவை அழித்து, தூங்கிவழிகிற மாமாவின் கண்ணை வேறொரு படத்திலிருந்து எடுத்து ஒட்டி, ஆல்பமாக அடுக்கிக் கொடுப்பது அவர் தொழில். வீட்டு முன்னறைதான் ஆபீஸ். ஒரு மேஜை, ஒரு சுழல் நாற்காலி, ஜன்னலில் எப்போதும் இழுத்துவிட்ட கறுப்புத் திரை. மனிதர் கெட்டிக்காரர், அதை யாரும் மறுக்க முடியாது. அந்த விஷயம் அவருக்கே கொஞ்சம் அதிகமாகத் தெரிந்திருந்தது, அதுதான் சிக்கல்.

பழைய கம்ப்யூட்டர் இந்த வருடம் முக்கி முனக ஆரம்பித்தது. ஒரு படத்தைத் திறக்கச் சொல்லிவிட்டுப் போய்க் குளித்துவிட்டு வரலாம். கடைசியில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைக்காரரைப் பிடித்து, ஏதோ ஆபீஸ் கழித்துப்போட்ட டெஸ்க்டாப் ஒன்றை வாங்கினார். பழசுதான், ஆனால் எலும்பு உறுதி. அதற்குப் பதினாறு ஜிபி ரேம், ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் எஸ்எஸ்டி, ஒரு கிராபிக்ஸ் கார்டு என்று ஒவ்வொன்றாக ஏற்றினார்கள். கார்டு பெட்டிக்குள் நுழைய மாட்டேன் என்றது. ஹார்ட் டிஸ்க் வைக்கிற கூட்டை ஸ்க்ரூ கழற்றி எடுத்தபின்தான் வழிவிட்டது. பிறகு பவர் சப்ளை போதவில்லை, அதையும் மாற்றினார்கள். ஒரு பகல் முழுக்க டிசைனர் டார்ச் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். பிரசவ அறைக்கு வெளியே நிற்கிற புருஷன்கூட அவ்வளவு கவலைப்பட்டிருக்க மாட்டான்.

எல்லாம் முடிந்து கையைத் துடைத்துக்கொண்டே கடைக்காரர் சொன்னார்: "மானிட்டரையும் மாத்திடுங்க சார். இது ரொம்ப வயசான ஆளு."

"அதுக்கென்ன? கல்லு மாதிரி இருக்கு. பதிமூணு வருஷமா இதுலதான் பாக்குறேன், என் கண்ணுக்குப் பழகிப்போச்சு."

"பழகிப்போச்சுன்னுதான் சொல்றேன்" என்றார் கடைக்காரர். டிசைனர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. உள்ளே இருக்கிற அத்தனையையும் மாற்றிய மனிதர், தான் பார்க்கிற ஒன்றை மட்டும் மாற்றவில்லை.

புது வேகம் தலைக்கு ஏறிவிட்டது. முன்னே அரை மணி எடுத்த வேலை இப்போது கண்ணை மூடித் திறப்பதற்குள் முடிந்தது. அந்த நேரம் பார்த்துத்தான் அவருடைய தங்கை மகளின் கல்யாண ஆல்பம் கைக்கு வந்தது. தாய்மாமன் செய்கிற ஆல்பம், சும்மா விடுவாரா? ஒவ்வொரு முகத்தையும் இழைத்தார். பெண்ணின் முகத்துக்கு மட்டும் இரண்டு நாள்.

பதினொரு வருடமாக அவர் பிரிண்டுக்குக் கொடுப்பது ஒரே லேபில்தான். கடைத்தெருவில் ஒரு மாடிக் கடை. லேப்காரர் அவரைவிடப் பத்து வயது சின்னவர், "அண்ணே அண்ணே" என்று உயிரை விடுவார். ஆர்டர் படிவத்தில் இரண்டு கட்டங்கள் உண்டு: கலர் கரெக்‌ஷன் வேண்டும், கரெக்‌ஷன் வேண்டாம். முதல் கட்டத்தில் டிக் அடித்தால் லேப்காரர் படத்தைத் தன் திரையில் ஒரு தடவை பார்த்து, நிறம் ஏறி இறங்கியிருந்தால் சரிசெய்து அச்சடிப்பார். இரண்டாவது கட்டம் பெரிய ஆட்களுக்கு. நான் கொடுத்ததை அப்படியே அடி, உன் விரல்கூடப் படக் கூடாது என்று பொருள். டிசைனர் இத்தனை வருடமும் ஒரு பழக்கமாக முதல் கட்டத்தில்தான் டிக் அடித்துவந்தார். லேப்காரர் செய்வதற்கு அதில் என்ன இருக்கப்போகிறது என்ற நினைப்புதான். திரையில் அவர் பார்த்த நிறமே பிரிண்டிலும் அச்சு அசலாக வந்துகொண்டிருந்தது. "என் கை பட்டா அதுக்கு மேல யாரும் தொட வேண்டியதில்ல" என்று கல்யாண வீடுகளில் சொல்லிக்கொள்வார்.

இந்த முறை பேனாவை எடுத்து இரண்டாவது கட்டத்தில் அழுத்தி டிக் அடித்தார்.

லேப்காரர் போன் செய்தார். "அண்ணே, கரெக்‌ஷன் வேண்டாம்னு போட்டிருக்கீங்க. தெரிஞ்சுதான் போட்டீங்களா?"

"தெரியாம போடுறதுக்கு நான் என்ன சின்னப் பிள்ளையா? மெஷின் மாத்திட்டேன்பா. என் ஃபைல்ல கை வைக்காத."

"சரிண்ணே."

ஆல்பம் வந்தது. லேபின் கவுன்டரிலேயே அட்டையைத் திறந்த டிசைனருக்குப் பகீர் என்றது. மணப்பெண்ணின் முகம் குளிரில் விறைத்ததுபோல் நீலம் பாய்ந்து கிடந்தது. மாப்பிள்ளையின் வெள்ளைச் சட்டை சொட்டு நீலத்தில் ஊறப்போட்டது மாதிரி. பக்கத்துக்குப் பக்கம் அதே கதை. குடும்பப் படத்தில் முப்பத்திரண்டு பேரும் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியவர்களாக நின்றார்கள்.

மனிதர் வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார். கவுன்டரில் பில் போடும் அம்மா, ஆர்டர் கொடுக்க வந்த இரண்டு போட்டோகிராபர்கள், பாஸ்போர்ட் படத்துக்குக் காத்திருந்த ஒரு குடும்பம், எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"என்னய்யா பண்ணி வச்சிருக்க? கல்யாணப் பொண்ணா இது? மெஷின்ல மை தீந்துபோச்சா, இல்ல உனக்குத் தொழில் மறந்துபோச்சா?"

"ஃபைல் அப்படித்தாண்ணே இருக்கு" என்றார் லேப்காரர், மெல்ல.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்! என் ஃபைலையா குத்தம் சொல்ற? இருபது வருஷமா இதே வேலைதான் பாக்குறேன். பேசாம கடையை மூடிட்டு வேற பொழப்பைப் பாரு!"

லேப்காரரின் முகம் சுருங்கியது. ஆல்பத்தைப் பெட்டியில் வைத்து மூடி, இரண்டு கையாலும் நீட்டினார். "எடுத்துட்டுப் போங்க சார்" என்றார். அந்த 'சார்' டிசைனரின் காதில் அப்போது விழவே இல்லை. கோபத்தில் இருக்கிறவனுக்குத் தன் குரல் மட்டும்தான் கேட்கும்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் ஒரு பாட்டம் கொட்டினார். பிறகு, அசல் எப்படி இருந்தது என்று தங்கைக்குக் காட்ட வேண்டும், தப்பு யார் பேரில் என்று அவளுக்குத் தெரிய வேண்டும் என்று, பெண்ணின் படத்தை மனைவியின் போனுக்கு அனுப்பினார்.

"இதை அவளுக்கு அனுப்பு. நான் செஞ்சது இதுதான்னு சொல்லு."

மனைவி போனைப் பார்த்தாள். ஆல்பத்தைத் திறந்து பார்த்தாள். மறுபடி போனைப் பார்த்தாள். "ரெண்டும் ஒண்ணாத்தானே இருக்கு?"

"உன் போன் சரியில்ல."

"சரி, உங்க போன்ல பாருங்க."

பார்த்தார். அதிலும் தங்கை மகள் நீலமாகத்தான் சிரித்தாள்.

"உங்க போனும் சரியில்லையாக்கும்" என்றாள் மனைவி. கிண்டலில் அவளை யாரும் மிஞ்ச முடியாது. ஆனால் புருஷனின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். எழுந்து போய் ஜன்னலின் கறுப்புத் திரையை ஒதுக்கினாள். பிரிண்டரிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை உருவினாள். "கம்ப்யூட்டர்ல ஒண்ணுமே இல்லாத வெள்ளைப் பக்கம் ஒண்ணைத் திறங்க" என்றாள். திறந்தார். தாளை மானிட்டர் திரையின் பக்கத்தில் பிடித்தாள்.

தாள் வெள்ளையாக இருந்தது. திரை பழைய செய்தித்தாளின் நிறத்தில் இருந்தது.

டிசைனருக்கு எல்லாம் ஒரே நொடியில் விளங்கிவிட்டது. கெட்டிக்காரர் இல்லையா, விளங்காமல் என்ன? பதிமூன்று வருடத்தில் மானிட்டரின் உள்விளக்கு நாளுக்கு நாள் மஞ்சளாகிக்கொண்டே வந்திருக்கிறது. அந்த மஞ்சளை ஈடுகட்டுவதற்காக அவர் கை தானாக ஒவ்வொரு படத்திலும் நீலத்தை ஏற்றிக்கொண்டே இருந்திருக்கிறது. அப்படியானால் இதற்கு முன் போன நானூறு ஐந்நூறு ஆல்பங்கள்? அதிலெல்லாம் முகங்கள் நன்றாகத்தானே இருந்தன?

அதற்கான பதிலாக ஆர்டர் படிவத்தின் முதல் கட்டம் ஞாபகத்துக்கு வந்தபோது அவர் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். எண்சாண் உடம்பும் ஒரு சாணாகக் குறுகிப்போனது. 'கடையை மூடிட்டு வேற பொழப்பைப் பாரு' என்று தான் கத்தியது இப்போதுதான் முழுசாகக் காதில் விழுந்தது.

அதற்குப் பிறகு இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் காலை, கடைத்தெரு திறக்கும் நேரத்தில், ஆல்பப் பெட்டியோடு மாடிப்படி ஏறினார். முதல் தளத் திருப்பத்தில் நின்று, கைபேசியைப் பார்ப்பதுபோல் பாவனை செய்தார். அப்படியே திரும்பிவிடலாமா என்றுகூட நினைத்தார். ஊரில் இந்த ஒரு லேப்தானா இருக்கிறது? ஆனால் வேறு லேபுக்குப் போனாலும் இந்த முகத்தைத்தானே கொண்டுபோக வேண்டும். ஏறினார்.

லேப்காரர் தன் திரைமுன் இருந்தார். டிசைனர் மேஜையோரமாகக் குனிந்து, உதடு மட்டும் அசைகிற மாதிரி சொன்னார்: "தப்பு என் மானிட்டர்லதான்பா. மனசுல வச்சுக்காத."

"பரவாயில்ல சார்."

இந்த முறை அந்த 'சார்' நன்றாகவே விழுந்தது. முள் குத்தினால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

"மானிட்டரா?" என்று லேப்காரர் ஒரு கணம் வியந்தார். பிறகு தன் திரையைத் திருப்பிக் காட்டினார். வாடிக்கையாளர் வாரியாக நிறத் திருத்தங்களைச் சேமித்து வைத்திருக்கும் பட்டியல். அதில் 'டிசைனர் அண்ணன்' என்று ஒரு வரி. அதன்கீழே வருடம் வருடமாக: நீலம் குறை இரண்டு. நீலம் குறை மூன்று. ஐந்து. எட்டு. போன மாதம் வரை, பதினான்கு.

"ரெண்டாம் வருஷமே ஒரு தடவை சொன்னேன், நீலம் கொஞ்சம் தூக்கலா இருக்குன்னு. அன்னைக்கும் சத்தம் போட்டீங்க."

டிசைனருக்கு அது ஞாபகமே இல்லை. சத்தம் போட்டவனுக்கு எது ஞாபகம் இருக்கிறது?

"அப்புறம் ஏன் சொல்லல?"

லேப்காரர் கொஞ்சம் தயங்கினார். "எங்க அப்பாவுக்குக் கண்ணுல புரை வந்தப்ப வெள்ளைச் சுவரைக் காட்டி மஞ்சள்னு சொல்வாரு. உங்களுக்கும் கண்ணுதான் போயிட்டிருக்குன்னு நெனச்சேன். கண்ணை நம்பிப் பொழைக்கிற மனுஷன்கிட்ட அதை எப்படிச் சொல்றது? வெளியே தெரிஞ்சா யார் வேலை குடுப்பாங்க? அதான் நானே குறைச்சுக் குறைச்சு அடிச்சேன்." பிறகு குரல் இறுகியது. "இந்தத் தடவை வேணும்னுதான் விட்டேன் சார். கை வைக்காதன்னீங்க. வைக்கல."

டிசைனரால் நிமிர முடியவில்லை. பெட்டியை மேஜையில் வைத்தார். "மறுபடி அடிச்சுக் குடு" என்று முணுமுணுத்துவிட்டுப் படியிறங்கினார்.

பாதிப் படியில் கால் நின்றது. அன்றைக்குத் திட்டியபோது கடைக்கே கேட்டது. இன்றைக்குக் கேட்ட மன்னிப்பு மேஜைக்குக்கூடக் கேட்டிருக்காது. இவன் பதினொரு வருடம் என் குறையை நாலு பேருக்குத் தெரியாமல் மூடிவைத்தான். நான் இப்போது மூடிவைக்கப் பார்ப்பது யாருடைய குறையை? வெட்கம் கழுத்துவரை ஏறி நின்றது. திரும்பி ஏறினார்.

கவுன்டரில் பில் போடும் அம்மா இருந்தார். அன்றைக்கு வந்த போட்டோகிராபர்களில் ஒருவரும் இருந்தார். முன்பின் தெரியாத இன்னும் நாலு பேர். டிசைனர் அவர்கள் நடுவில் நின்று, அன்று கத்திய அதே குரலில் சொன்னார்:

"அன்னைக்கு இவரை நான் இங்க நின்னு கண்டபடி பேசினேன். இவர் பிரிண்ட்ல ஒரு குத்தமும் இல்ல. என் படம்தான் நீலம். பதினொரு வருஷமா நீலம். இத்தனை வருஷமும் இவர்தான் சரிபண்ணிச் சரிபண்ணி என் பேரைக் காப்பாத்தியிருக்காரு. எனக்கு அது தெரியக்கூட இல்ல."

குரல் கடைசியில் உடைந்தது. போட்டோகிராபர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். பில் போடும் அம்மாவின் கை விசைப்பலகைமேல் அப்படியே நின்றது. டிசைனருக்குக் காது மடல் எரிந்தது. நிற்பதா, போவதா என்று தெரியவில்லை.

உள்ளேயிருந்து லேப்காரர் எட்டிப் பார்த்தார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது, ஆனால் முகத்தை விறைப்பாகவே வைத்துக்கொண்டார்.

"கத்தாதீங்கண்ணே" என்றார். "உள்ள வாங்க. உங்க தங்கச்சி பொண்ணு முகத்துக்கு எவ்வளவு குறைக்கணும்னு நீங்களே இந்தத் திரையில பாத்துச் சொல்லுங்க."