நான்கு தலைப்புகள் வைத்த கட்டுரை

கணினி திறந்ததும் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும் திரையைத் தமிழில் எந்தப் பெயரில் தேடுவார்கள்? இன்றும் எனக்குத் தெரியவில்லை.

அந்தத் திரையைக் காட்டும் மென்பொருளைப் பற்றி, மட்டாஞ்சேரி வீட்டில் கைக்குழந்தையான மகளை மடியில் வைத்துக்கொண்டு இணையக் கலைக்களஞ்சியத்தில் எழுதினேன். அதே பெயரில் வேறொரு மென்பொருளும் இருந்ததால், குழப்பம் வேண்டாமென்று தலைப்பை மாற்றினேன். பிறகு முந்தையதே சரியென்று தோன்றியது. இப்படியே மாற்றி மாற்றி நான்கு தலைப்புகள்.

“மோளுக்கே இருபத்தெட்டாம் நாள் பேரு இட்டோம். இதுக்கு இன்னும் ஆயில்லையா?” என்று கணவர் தன் மலையாளத் தமிழில் சிரித்தார்.

நான் விட்டுவந்த தலைப்புகளெல்லாம் வெற்றுப் பக்கங்களாக நின்றன. யாரோ அவற்றை நீக்கியபோது கட்டுரை இருந்த பக்கமும் தவறுதலாகச் சேர்ந்து போய்விட்டது. என்னிடம் வேறு படி இல்லை. நீக்கியவரிடம் கேட்டு எழுதியதற்குப் பதிலும் இல்லை. மீட்க வழி தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.