தானாக எழும்பும் கட்டை

நான் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிறவள். என் செருப்புச் சத்தம் கேட்டாலே பிள்ளைகள் வாயை மூடிக்கொள்வார்கள் என்று மற்ற ஆசிரியர்கள் சொல்வார்கள். உள்ளூர எனக்கு அதில் பெருமைதான். ஆனால் போன வருடம் முழுவதும் நான்தான் என் பிள்ளைகளுக்குப் பயந்து திரிந்தேன்.

நாற்பத்து மூன்று வயதில் பியானோ பழகும் ஆசை எங்கிருந்து வந்தது என்று என் கணவர் இன்னும் கேட்கிறார். கல்லடியில் கடற்கரைக்குப் போகும் ஒழுங்கையில் ஒரு அம்மா தன் வீட்டில் வைத்துப் பழக்குகிறார் என்று கேள்விப்பட்டேன். ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு பாலத்தைக் கடந்து போய்ச் சேர்ந்துவிட்டேன். போன அன்றே திரும்பி ஓடத்தான் பார்த்தேன். வராந்தா வாங்கில் உட்கார்ந்து தங்கள் முறைக்காகக் காத்திருந்த நான்கு பேரும் என் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள்.

காத்திருக்கும் நேரத்தில் அவர்களுக்கு ஒரே பேச்சுத்தான். பியானோப் பரீட்சையில் யார் எந்த கிரேட், யார் என்ன வாசிக்கிறார்.

"நான் நாலு. மினுவே முடிஞ்சு, இப்ப சொனாட்டினா."

"சொனாட்டினா லேசு. என்ட பீஸில இடக்கைதான் ஓடுறது, தெரியுமா?"

"ஓடுறது சரி. விழாம ஓடுதா?"

அவர்களில் நெட்டையான பிள்ளை ஒருத்தி ஐந்தாம் கிரேட். எல்லோரிலும் மேலே அவள்தான். என்னைக் கண்டதும் எழுந்து இடம் விட்டாள்.

"டீச்சர், நீங்க எந்த கிரேட்?"

"மூண்டு" என்றேன். "சின்ன வயசில விட்டது. இப்ப தொடருறன்."

அப்படி ஒரு பொய் எனக்குள் தயாராக இருந்தது எனக்கே தெரியாது. சின்ன வயதில் நான் பியானோவைத் தொட்டதும் இல்லை.

"என்ன பீஸ் டீச்சர்?"

"ஒரு வால்ட்ஸ்." பக்கத்தில் கிடந்த ஒரு புத்தகத்தின் அட்டையில் அந்தச் சொல் இருந்தது.

இதைக் கேட்டவள் யார் என்பதுதான் என்னை வாட்டியது. முந்திய தவணையில் இதே பிள்ளை தன் தேர்ச்சி அறிக்கையில் முப்பத்தெட்டை எண்பத்தெட்டாக மாற்றி வீட்டில் காட்டியிருந்தாள். நான் அவளை வகுப்புக்கு முன்னால் நிற்க வைத்து, பொய்யைப் பற்றி ஒரு பாடம் முழுவதும் பிரசங்கம் செய்தேன். அவள் குனிந்த தலை நிமிரவில்லை. இப்போது என் குட்டு வெளிப்பட்டால், அந்த நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால் நான் எந்த முகத்தோடு நிற்பது?

ஆகவே முதலாம் கிரேட் புத்தகத்துக்குப் பழுப்புத் தாளில் உறை போட்டேன். என் முறையைக் கடைசிக்கு மாற்றிக்கொண்டேன். வாத்துகள் நடந்து போவதுபோல் அமைந்த, பதினாறே பார் கொண்ட அரைப் பக்க மெட்டு ஒன்றைத்தான் நான் வாசித்துக்கொண்டிருந்தேன். ஒழுங்கையில் சைக்கிள் மணி கேட்டால் விரல் நின்றுவிடும். வகுப்பில் பின் வாங்கில் யாராவது சிரித்தால், தெரிந்துவிட்டது என்று எண்ணிக் கரும்பலகைப் பக்கம் திரும்பிவிடுவேன்.

அந்த அம்மாவின் பியானோவைப் பற்றியும் சொல்ல வேண்டும். கடல் ஒரு பக்கம், வாவி ஒரு பக்கம். உப்புக் காற்றில் அது ஊறிப்போயிருந்தது. நடுவில் இருக்கும் 'டி' சுரத்தின் கட்டை அமுக்கினால் அமுங்கும், எழும்பாது. மாரி மழைக்காலத்தில் அறவே எழும்பாது. அதனால் அமுக்கியதும் நகத்தை அதன் விளிம்புக்குக் கீழே கொடுத்துக் கிளப்பிவிட்டு அடுத்த கட்டைக்குப் போவோம். நான்காம் கிரேட்டும் அப்படித்தான், ஐந்தாம் கிரேட்டும் அப்படித்தான், வாத்து வாசிக்கிற நானும் அப்படித்தான். வீட்டில் என்னிடம் இருந்த கீபோர்டிலும் என் விரல் கிளப்பத் தொடங்கியிருந்தது.

பரீட்சை நகரில் ஒரு மண்டபத்தில் நடந்தது. வெளியே மழை. உள்ளே போக முதலே கண்டுவிட்டேன்: கதவில் ஒரு தாள். பெயர், நேரம், கிரேட். இப்படி ஒன்று ஒட்டுவார்கள் என்று நான் யோசிக்கவே இல்லை. வருடம் முழுவதும் உறை போட்டு மறைத்தது அங்கே ஊருக்கே தெரியத் தொங்கிக்கொண்டிருந்தது. அதற்குள் நெட்டைப் பிள்ளை தாளில் விரலை ஓட்டிக்கொண்டிருந்தாள்.

"டீச்சர், உங்கட பேருக்கு நேர கிரேட் ஒண்டு எண்டு போட்டிருக்கு. பிழையா அடிச்சிட்டாங்க. மறுகா உள்ள போனா உங்கள ஒண்டாம் கிரேட்டையே வாசிக்கச் சொல்லிருவாங்க. நில்லுங்க, நான் போய்ச் சொல்லிட்டு வாறன்."

மேசையில் பெயர் பதிந்துகொண்டிருந்த பெண்ணை நோக்கி நடக்கவே தொடங்கிவிட்டாள். எட்டி அவள் கையைப் பிடித்தேன்.

"வேணாம் மகள். அது பிழை இல்ல."

"நீங்க மூண்டு எண்டுதானே சொன்னீங்க?"

"பொய் சொன்னன்."

அவள் என்னையே பார்த்தாள். "ஏன் டீச்சர்?"

"வெட்கமா இருந்திச்சு. உங்கள நினைக்கப் பயமாவும் இருந்திச்சு."

அந்த நேரம் பார்த்து அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். அவள் உள்ளே போனாள்.

கதவுக்கு வெளியே நின்று கேட்டேன். முதலில் நன்றாகத்தான் போனது. பிறகு இடைக்கிடை சின்னச் சின்னத் தடக்கல். எங்கே தடக்குகிறது என்று எனக்கு விளங்கியது. ஒவ்வொரு டிக்குப் பிறகும் அவள் கிளப்புகிறாள். கடைசிப் பக்கத்தில் ஒரு தரம் நின்றே போய்த் திரும்பத் தொடங்கினாள். நான் சொன்னது அவளைக் குழப்பியதோ, பழக்கம் கெடுத்ததோ, எனக்குத் தெரியாது.

வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது. மற்றப் பிள்ளைகள் இன்னும் அந்தத் தாளின் பக்கம் வராமல், தூரத்தில் யன்னலோரம் நின்றார்கள். நேரே அவர்களிடம் போவாள், சொல்லுவாள் என்று நினைத்தேன். சொன்னால் அது நியாயம்தான். நான் அவளைச் சும்மாவா விட்டேன்?

அவள் என்னிடம் வந்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

"டீச்சர், இங்க டி தானா எழும்புது. நான் கிளப்பிக் கெடுத்திட்டன். நீங்க கிளப்பாதீங்க."

அந்த முப்பத்தெட்டுக்காக வகுப்பில் நிற்க வைத்ததற்கு அவளிடம் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அதற்குள் என் பெயரைக் கூப்பிட்டார்கள்.

அந்த வாத்து மெட்டில் ஒன்பது டி வருகிறது. ஒன்பது தரமும் என் நகம் கட்டைக்குக் கீழே போகத் துடித்தது. ஒன்பது தரமும் அவள் குரல் கேட்டுக் கையை எடுத்தேன், கட்டை தானாக எழும்பியது.