மலைக்கு முன்னால் மூன்று பேர்

எட்டு வயதில் வந்த அந்தக் கோபம் எனக்கு இன்னும் முழுதாக இறங்கவில்லை.

நாங்கள் குடியேறியிருந்த பாபடோயிட்டோயிலிருந்து விடியமுன் புறப்பட்டோம். அப்பா விமான நிலையத்தில் பெட்டி ஏற்றுகிறவர். லீவு கிடைப்பது அருமை. ருவாபேகு எரிமலையைப் படம் எடுக்கவென்றே ஒரு பழைய கமரா வாங்கியிருந்தார். இறங்கியதும் மலையை எடுத்தார். மலைமேல் நின்ற முகிலை எடுத்தார். மரமில்லாத, பனி மூடிய கருங்கல் வெளியை எடுத்தார். அம்மாவை எடுத்தார், என்னை எடுத்தார். அப்பாவையும் என்னையும் அம்மா எடுத்தார். மூவரும் சேர்ந்து ஒன்றுகூட இல்லை. எங்கள் வீட்டில் அப்படி ஒரு படமே கிடையாது.

வகுப்புச் சுவரில் மற்றப் பிள்ளைகள் குடும்பப் படம் ஒட்டியிருந்தார்கள். என் இடம் வெறுமை. அதற்காகத்தான் வந்தேன். மலை எனக்குத் தேவையில்லை.

பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரர் ஒருவர், மூவரும் நில்லுங்கள், நான் எடுக்கிறேன் என்றார். அப்பா கமராவைக் கொடுத்தார். நான் ஓடிப்போய் நடுவில் நின்றேன். அம்மா விலகிவிட்டார்.

“மூண்டு பேர் நிண்டு படம் எடுக்கக்கூடாது. ஒராளுக்கு ஆகாது.”

நான் பனியில் குந்திக்கொண்டு கத்தினேன்.

“எழும்பு,” என்றார் அப்பா. “நாலாவது ஆள்தானே வேணும்? பொறு, கொண்டுவாறன்.”

வெறுங்கையால் பனியை அள்ளிக் குவித்தார். வெள்ளைக்காரர் சிரித்தபடி காத்திருந்தார். பனி ஆள் என்னைவிட ஒரு சாண் உயரமாக எழும்பினான். அப்பா தன் கம்பளித் தொப்பியைக் கழற்றி அவனுக்குப் போட்டு, காது மறைய இழுத்தும் விட்டார்.

அம்மா அதையே பார்த்தார்.

“இது ஆர்?”

அப்பா தொப்பியிலிருந்து கையை எடுத்தார்.

“ஸ்னோமேன்,” என்றேன் நான்.

அம்மா பனி ஆளைக் காலால் உதைத்தார். உடையும்வரை உதைத்தார். பிறகு காருக்குப் போய்விட்டார்.

எனக்கு முன் ஒரு அண்ணா இருந்ததை, நான் பள்ளிக்கூடத்தை விட்டு வேலைக்குப் போன பிறகுதான் சொன்னார்கள். கிளிநொச்சியில் ஒரு ஸ்டூடியோவில் அப்பா, அம்மா, நடுவில் அவன் என்று படம் எடுத்திருக்கிறார்கள். ஆசைப்பட்டுக் கூட்டிப்போனது அப்பா. அந்த மாதமே ஷெல்லடியில் அவன் போய்விட்டான்.

இப்போது என் கோபம் ஷெல் அடித்தவர்கள்மேல். அன்று அந்தப் பனி ஆள்மேல். எங்கள் படத்துக்கு வந்தவனுக்கு எதற்கு என்னைவிட உயரம்?