பதினோரு பேருக்கு ஒரே பிறந்தநாள்

கரும்பலகை எழுதும் வேலை எனக்குக் கிடைத்ததற்கு ஒரே காரணம் என் கையெழுத்து. இருங்காட்டுக்கோட்டையில், கார்களுக்கு ஒயர் கட்டுகள் செய்யும் ஒரு கம்பெனியில் பயிற்சித் தொழிலாளியாக இருந்தேன். எங்கள் லைனில் முப்பது பெண்கள். காலை ஷிஃப்ட் தொடங்குமுன் ஐந்து நிமிடம் கூட்டம் நடக்கும். கையைக் காலை ஆட்டி உடற்பயிற்சி, பிறகு பாதுகாப்பு உறுதிமொழி. அதற்கும் பிறகு 'இந்த நாளில்' என்று தலைப்புப் போட்ட பலகையை ஒருத்தி உரக்க வாசிக்க வேண்டும். அதே தேதியில் முன்பு உலகத்தில் நடந்த பெரிய சம்பவங்கள், அன்றைக்குக் கொண்டாடும் தினங்கள் எல்லாம் அதில் இருக்கும். எங்கள் தூக்கக் கலக்கத்துக்குச் சூப்பர்வைசர் கண்டுபிடித்த மருந்து அது. எழுதுகிறவளும் நான்தான், வாசிக்கிறவளும் நான்தான்.

ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டில் வாங்கிய பொது அறிவுப் புத்தகம் ஒன்றுதான் எனக்குச் சரக்கு. ஒரு நாள் எங்கோ போர் மூண்டிருக்கும், மறுநாள் எங்கோ கப்பல் கவிழ்ந்திருக்கும். வாசித்து முடித்ததும் எல்லாரும் கை தட்ட வேண்டும் என்பது சூப்பர்வைசர் உத்தரவு. கப்பல் கவிழ்ந்ததற்கும் தட்டினோம். "ஏண்டி, இந்த ஒலகத்துல நல்லதே நடக்கலியா? காலங்காத்தால இன்னாடி சாவு நியூஸு?" என்று முணுமுணுப்பாள் என் பக்கத்து மேஜைக்காரி. அவளுக்குப் பிள்ளைப்பாக்கம். வீட்டிலிருந்து சைக்கிளில் வருவாள். நான் சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்து ஹாஸ்டலில் கிடந்தேன். சோற்று விஷயத்தில் தவிர மற்ற எல்லாவற்றிலும் எங்களுக்கு ஒத்துப்போகும்.

இரண்டாயிரத்து மூன்று மே மாதம் புதிதாக ஒரு எச்.ஆர். ஆபீசர் வந்தார். பம்பாயில் பிறந்து வளர்ந்த தமிழர். நல்ல மனிதர், அதுதான் தொல்லையே. வந்த வாரமே ஒரு திட்டம் போட்டார். இனிமேல் யாருக்குப் பிறந்தநாளோ அவள் பெயரும் பலகையில் வர வேண்டும், அவள் கேக் வெட்டி ஒரு மரக்கன்றும் நட வேண்டும். எல்லாருடைய பிறந்த தேதியையும் எழுதிய பட்டியலை என் கையில் கொடுத்தார்.

அதைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஜூன் ஐந்து, உலகச் சுற்றுச்சூழல் தினம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தேழில் மேற்காசியாவில் ஆறு நாள் போர் தொடங்கியதும் அன்றுதான். இந்த இரண்டுக்கும் கீழே எங்கள் லைனில் பதினோரு பேருக்குப் பிறந்தநாள்! நானும் பிள்ளைப்பாக்கத்துக்காரியும் அதில் அடக்கம். போரை அழித்தால்தான் எல்லார் பெயருக்கும் இடம் இருக்கும்போல் இருந்தது. ஒரு வாரம் முன்னதாகவே கேக் சொல்ல வேண்டுமே என்று பட்டியலை ஆபீசரிடம் காட்டினேன்.

அவர் சிரிக்கவில்லை. எங்கள் பதினோரு பேரையும் கூப்பிட்டு வரிசையாக நிற்க வைத்தார். "முப்பது பேர்ல பதினோரு பேரு ஒரே தேதியா? அதுவும் வேற வேற ஊரு. இந்த சர்டிபிகேட் எல்லாத்தையும் ஒரே ஆளு அடிச்சுக் குடுத்தானா?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. நான் வாயைத் திறப்பதற்குள் பிள்ளைப்பாக்கத்துக்காரி முந்திக்கொண்டாள். "இன்னா சார் இப்டி சொல்லிட்டீங்கோ! ஸ்கூல்ல சேக்க இட்டுக்கினு போவாங்கோ. வாத்தியாரு கையத் தலைக்கு மேல வுட்டு அந்தாண்ட காதத் தொடச் சொல்வாரு. தொட்டுட்டா அஞ்சு வயசு. ஸ்கூலு தொறக்கறது ஜூன்ல. அன்னிக்கு அஞ்சு ரொம்பணும்னா தேதி இன்னா போடுவாரு? ஜூன் அஞ்சு. இதுல இன்னா சார் கீது?"

சொன்னதோடு விடாமல் செய்தும் காட்டினாள். அவளைப் பார்த்து பதினோரு பேரும் தலைக்கு மேல் கையை வளைத்துக் காதைப் பிடித்துக்கொண்டு நின்றோம். ஆபீசரும் ஒரு தடவை செய்து பார்த்தார். காது எட்டியது, ஆனால் மூக்குக்கண்ணாடி கழன்று கீழே விழுந்தது. யாராவது சிரித்திருந்தால் எல்லாருக்கும் வேலை போயிருக்கும். உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றோம்.

கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு தீர்ப்புச் சொன்னார். "சரி, நம்பறேன். ஆனா உண்மையான தேதி எனக்கு வேணும். வீட்ல கேட்டு ஒவ்வொருத்தரும் பேப்பர்ல எழுதிக் குடுங்க. அதுவரைக்கும் கன்ஃபர்மேஷன் லெட்டர் கிடையாது."

அங்கேதான் சிக்கல். ஜூன் முதல் வாரத்தோடு எங்கள் இரண்டு வருடப் பயிற்சி முடிகிறது. லெட்டர் வந்தால் நிரந்தர வேலை. வராவிட்டால் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போய், விட்ட இடத்திலிருந்து பீடி சுற்ற வேண்டும். பீடித் தட்டை மடியில் வைத்துக் குனிந்திருக்கும் என் அக்காவை நினைத்தாலே எனக்கு அழுகை வரும்.

பேப்பர்களை வாங்கிச் சேர்க்கும் பொறுப்பும் என் தலையில்தான் விழுந்தது. பலகை எழுதுகிறவளாம், தேதியெல்லாம் தெரிந்தவளாம். நாலே நாளில் பேப்பர்கள் வந்தன. தேதி மட்டும் ஒன்றிலும் இல்லை. ஒருத்தி 'ஏரிக்கரை உடைந்த மறுநாள்' பிறந்திருந்தாள். இன்னொருத்தி 'சித்தப்பா பட்டாளத்திலிருந்து சொல்லாமல் ஓடிவந்த அன்று'. 'பெரிய வீட்டுக் காளை கிணற்றில் விழுந்ததே, அதற்கு மூன்றாம் நாள்' என்று ஒருத்தி எழுதியிருந்தாள். அந்தக் காளை விழுந்த வருடம் என் பொது அறிவுப் புத்தகத்தில் எங்கே இருக்கப் போகிறது!

பிள்ளைப்பாக்கத்துக்காரியின் அம்மா சொன்னது மட்டும் சிக்கியது. "பிரதமர சுட்டுட்டாங்கோன்னு ரேடியோல சொன்ன அன்னிக்குப் பொறந்தேனாம். பஸ்ஸு ஓடலியாம், மாட்டு வண்டில இட்டுக்கினு போனாங்களாம்" என்றாள். புத்தகத்தைப் புரட்டினேன். எண்பத்து நாலு, அக்டோபர் முப்பத்தொன்று. அவளுக்கு நிஜமான பிறந்தநாள் கிடைத்துவிட்டது! இரண்டு பேரும் கையைக் கோத்துக்கொண்டு ஹாஸ்டல் வாசலில் குதித்தோம். குதித்து முடித்த பிறகுதான் நான் கழித்தல் கணக்குப் போட்டேன். நாங்கள் வேலைக்குச் சேர்ந்தது இரண்டாயிரத்து ஒன்று ஜூன் மாதம். காது எட்டாமலே வாத்தியார் ஐந்து வயது போட்டிருக்கிறார்; சர்டிபிகேட்படி அப்போது பதினெட்டு, நிஜத்தில் அவளுக்குப் பதினாறு. பதினெட்டு நிறையாதவளைக் கம்பெனி கேட்டுக்கு உள்ளேயே விடக்கூடாது.

"அப்போ நான் சின்னப் புள்ளையாடி? அய்யய்யோ, பூட்சிடி வேலை!" என்று தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள்.

நான் எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடினேன். எங்கள் தெருக் கடைக்கு போன் போட்டு அம்மாவைக் கூப்பிடச் சொன்னேன். மூச்சிரைக்க வந்தவளிடம், நான் என்றைக்குப் பிறந்தேன் என்று கேட்டேன். பதினேழு வருடத்தில் அதுதான் முதல் தடவை. எனக்கே வெட்கமாக இருந்தது.

"ஏட்டி, இதக் கேக்கவா இம்புட்டுத் தூரத்துலேர்ந்து போன் போடுத? நீ பொறந்தது ஆவணி ரெண்டு. நம்ம தெருவுக்குக் கரண்டு வந்த அன்னைக்கு. நான் வலி தாங்காமக் கத்துதேன், மருத்துவச்சி பல்பு எரியுததப் பாக்கணும்னு வெளிய போயி நிக்கா. லைட்டு எரிஞ்சதும் தெருவே கூடிக் கொலவை போட்டுச்சு. அந்தச் சத்தத்துல நீ பொறந்து அழுதது ஒருத்தருக்கும் கேக்கல. இன்னைக்கும் சாயங்காலம் சுவிட்சப் போட்டா எனக்கு ஒன் நெனப்புத்தாம்ட்டி வரும்."

பூத்துக்காரர் மீட்டரைப் பார்த்துக்கொண்டிருக்க, நான் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தேன். வருடம் என்ன என்று கேட்டேன். தம்பி ஓடிப்போய் தெருமுனை டிரான்ஸ்பார்மரில் பெயின்டால் எழுதியிருந்ததைப் படித்துவிட்டு வந்தான். எண்பத்தைந்து. வேலைக்குச் சேர்ந்தபோது எனக்குப் பதினாறுகூட நிறையவில்லை. அவ்வளவு ஏன், அந்த ஆவணி வந்தால்தான் பதினெட்டே நிறையும்.

மறுநாள் இடைவேளையில் பதினோரு பேரும் கழிப்பறைக்குப் பக்கத்தில் கூடினோம். ஏரிக்கரை, பட்டாளத்துச் சித்தப்பா, காளை, ரேடியோ எல்லாவற்றையும் சுக்குநூறாகக் கிழித்துப் போட்டோம். பதினோரு புதுப் பேப்பரில், பதினோரு கையெழுத்தில், 'நான் பிறந்தது ஜூன் ஐந்துதான்' என்று எழுதினோம்.

ஜூன் ஐந்தாம் தேதி காலையில் ஆபீசர் ஒவ்வொருத்தியாக அறைக்குள் கூப்பிட்டார். எனக்கு முன்னால் போன பத்துப் பேரும், வீட்டிலும் அதே தேதிதான் சொன்னார்கள் என்று சாதித்து, லெட்டரோடு வெளியே வந்தார்கள். கடைசியாக நான் போனேன். என் பேப்பரையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அம்மாகிட்ட கேட்டியாம்மா?"

"கேட்டேன் சார். ஜூன் அஞ்சுதான்."

"நீதானே போர்டு எழுதற பொண்ணு?" அவர் சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை, ஆசையாகத்தான் கேட்டார். "நீ பிறந்த அன்னிக்கு ஊர்ல என்ன நடந்ததாம்? அம்மா ஏதாவது சொல்லியிருப்பாங்களே."

என் லெட்டர் அவர் கைக்குக் கீழே இருந்தது. கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

"ஒண்ணும் நடக்கல சார். சும்மா சாதாரண நாளு."

அவர் கையெழுத்துப் போட்டு, "ஹேப்பி பர்த்டே" என்று லெட்டரை நீட்டினார். "தேங்க்ஸ் சார்" என்று வாங்கிக்கொண்டேன். வெளியே வந்ததும் பதினோரு கையும் ஒரே கத்தியைப் பிடித்துக் கேக்கை வெட்டினோம், லைனே கை தட்டியது. பிள்ளைப்பாக்கத்துக்காரி ஒரு துண்டை என் வாயில் திணித்தாள். அம்மாவின் முகம் கண்ணுக்குள்ளேயே நின்றது. அப்போதும் அந்தக் கேக் இனித்துத் தொலைத்தது, இன்றுவரை எனக்கு ஆத்திரம் அதன்மேல்தான்.