பித்தளைச் செம்பில் ஏறிய அமுக்கரா மருந்து

ஐயன்மீர், அம்மையீர்,

அணாக் கணக்கு போய்ப் புதுக்காசு வந்திருந்த காலத்தில், குன்னத்தூரிலிருந்து திருப்பூர் சென்று மீண்ட ஒரு நாளைத் தங்கள் முன் வைக்கின்றேன். என் மனைவி ராமாயிக்கு நரம்புத் தளர்ச்சி. கை நடுக்கத்தால் மூன்று மாதமாய் உறக்கமில்லை. அவளோடு விழித்திருந்த எனக்கும் உலகம் பாதி கனவாய் மிதந்தது.

காலை ஆறு மணிக்குப் பஸ் ஏறினேன். ஒன்பதுக்குத் திருப்பூர். நொய்யல் கரையில் வெளுத்த பனியன் துணிகள், மேகங்கள் இறங்கி இளைப்பாறுவன போலக் காய்ந்து கிடந்தன. அவ்வூர் மண்ணரைப் பகுதி வைத்தியர், புளிக்கவைத்த அமுக்கராக் கிழங்கு மருந்தைச் சீசாவில் ஊற்றினார். விலை இரண்டு ரூபாய்.

"ஆஸ்பத்திரி மாத்திரை ஏதாச்சும் சாப்பிடறாங்களா?"

"இல்லீங்க."

"சாப்பிட்டா, டாக்டரைக் கேக்காம இதைக் குடுக்காதீங்க. சோத்துக்குப் பொறகு ரெண்டு கரண்டி, சரிபாதி தண்ணி. சீக்கிரம் தூங்கட்டும்னு ஏத்திக் குடுத்துறாதீங்க."

திரும்பும் பஸ்ஸில் மூன்று மைல் தாண்டி அனுப்பர்பாளையம். சீசாவின் தக்கை கசிந்ததால் இறங்கினேன். பாத்திரக் கடைகளின் சுத்தியல் ஓசை தாலாட்டாய்க் கேட்டது. பித்தளை பொன்னாய் மின்னிற்று. மூடியுள்ள செம்பொன்றை ஆறு ரூபாய்க்கு வாங்கி, மருந்தை அதில் ஊற்றிக்கொண்டு, சீசாவை எறிந்துவிட்டேன். மருந்துக்கு மரியாதை செய்ததாகவே எண்ணினேன்.

நண்பகல், அவிநாசி. குன்னத்தூர் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது, துருத்தியும் கையுமாய் ஒருவர் அருகே அமர்ந்தார். பாத்திரங்களுக்கு ஈயம் பூசுபவர்.

"செம்புல என்னங்க, பழனித் தீர்த்தமா?"

"ஊட்டுக்காரிக்கு மருந்துங்க. தூக்கம் வரோணும்."

மூடியைத் திறந்து முகர்ந்தவர் முகம் மாறியது. "ஏனுங்க, உள்ள ஈயமே பூசலீங்களே! புளிப்பு பித்தளையில நின்னாக் களிம்பேறி வெசமுங்க. குடிச்சாத் தூங்குவாங்க, அப்புறம் யாரு எழுப்பறது?"

என் கனவு முழுதும் அக்கணமே கலைந்தது. மருந்தை மண்ணில் கவிழ்த்துவிட்டு, வந்த வழியே திருப்பூருக்குத் திரும்பி, கண்ணாடிச் சீசாவில் மறுபடி வாங்கி, மாலை ஏழு மணிக்கு வீடு சேர்ந்தேன்.

நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். ராமாயி நடுங்கும் கையால் செம்பை வாங்கி உள்ளே பார்த்தாள்.

"இத்தன வருசம் என் கையில ரசம் குடிச்சீங்களே, பாத்தரத்துக்குள்ள ஈயம் இருக்குதான்னு ஒருநாளாச்சும் எட்டிப் பார்த்தீங்களா?" என்று சிரித்தாள். மூன்று மாதத்தில் முதற் சிரிப்பு.

அன்றே உறங்கினாள் என்றெழுதினால் பொய்யாகும். பத்துப் பன்னிரண்டு நாள் சென்றபின், ஒரு பிற்பகலில், கூந்தலை முடியாமலே கண்ணயர்ந்தாள். ஈ ஓட்டியபடி நான் பக்கத்தில் விழித்திருந்தேன்.

இக்குறிப்பைத் தங்கள் இல்லத்தில் மருந்துச் சீசாக்கள் இருக்கும் மாடத்திலேயே பத்திரமாய் வைத்திருக்க வேண்டுகிறேன்.